பதிவேட்டை யார் படிப்பது?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட். நான்கு லேத், இரண்டு சிஎன்சி மெஷின், பதினெட்டுப் பேர். வண்டி செய்கிற பெரிய கம்பெனிக்குப் பாகங்கள் சப்ளை செய்கிற கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற கம்பெனி. என் சித்தப்பா பையன் அங்கே சூப்பர்வைசர். ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவனிடமிருந்து போன். "டேலி ஓபன் ஆகமாட்டேங்குதுடா. எல்லா ஃபைலுக்கும் பேரு மாறிப்போச்சு. ஸ்க்ரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல லெட்டர் நிக்குது."

அந்த லெட்டரில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கோப்புகள் எங்களிடம் பூட்டப்பட்டிருக்கின்றன, சாவி வேண்டுமென்றால் இவ்வளவு பிட்காயின். லீவு சொல்லிவிட்டு திருவள்ளூருக்கு ரயில் ஏறினேன்.

முதலாளி வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கவேண்டும் என்று கேட்டதால், டேலி போட்டுக்கொடுத்த பையன் அந்தக் கம்ப்யூட்டரை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டிருந்தான். பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-உம். இதற்கு மேல் அந்தக் கதையில் தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஆனால் விண்டோஸின் பாதுகாப்பு லாகைத் திறந்தபோது கடைசி இரண்டு நாள் பதிவுகள்தான் இருந்தன. அந்த லாகுக்கு ஒரு கொள்ளளவு உண்டு, நிரம்பினால் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். வெளியிலிருந்து யாரோ ராத்திரி பகலாக ஆயிரக்கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்ததில், அந்தத் தோல்விப் பதிவுகளே இடத்தை அடைத்து முந்தைய வாரங்களைத் தள்ளிவிட்டிருந்தன. எப்போது உள்ளே வந்தார்கள் என்று தெரிந்தால்தான் எந்த பேக்கப்பை நம்பலாம் என்று சொல்லமுடியும்.

அப்போதுதான் கணக்கு எழுதுகிற அக்கா வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "தம்பி, காலைல வந்தா ஸ்க்ரீன்ல என் பேரு இல்லாம அட்மின்னு வரும். சாயங்காலம் நான்தான் கடைசியா மூடிட்டுப் போறேன். மூணு வாட்டி அப்படி வந்துச்சு. சார்கிட்ட சொன்னேன். டேலி பையன் வந்து பாத்திருப்பான்ம்மான்னுட்டாரு."

எந்தெந்த நாள் என்று ஞாபகம் இருக்கா அக்கா என்றேன். சரக்கு வரவு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று தேதிகள், நீல மையில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "அட்மின்".

விண்டோஸில் தொலைவிலிருந்து இணைவதற்கென்று தனியாக இன்னொரு சின்ன லாக் உண்டு. அதில் தேடினேன். அக்காவின் இரண்டாவது, மூன்றாவது தேதிகள் அதில் இருந்தன, ராத்திரி இரண்டு மணிக்கு மேல். முதல் தேதி அதிலும் இல்லை. அது அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய பேக்கப் ஒரு பென்டிரைவில் கிடைத்தது. இரண்டு மாதக் கணக்கை மறுபடியும் பில்லிலிருந்து ஏற்றினார்கள். ஏற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். எல்லாக் கம்ப்யூட்டரும் எழுதிக்கொண்டே இருக்கிறது. அதை யார் படிப்பது? இந்தக் கேள்வியையே வேலையாக எடுத்துக்கொண்டு, அரசாங்கச் சம்பளத்தில், பெரும்பாலும் வெளியே பெயர் தெரியாமல் வாழ்ந்த ஒரு பெண்மணியின் கதை இருக்கிறது. ரெபெக்கா கர்லி பேஸ். தெரிந்தவர்களுக்கு பெக்கி.

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கவேண்டும். 1970களில் அமெரிக்க ராணுவமும் விமானப்படையும் ஒரே பெரிய கணினியைப் பலபேர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கியபோது, யார் எப்போது எந்தக் கோப்பைத் தொட்டார் என்று கணினியே எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. தணிக்கைப் பதிவு. 1983-ல் பாதுகாப்புத் துறை ஒரு அளவுகோல் புத்தகம் போட்டது. அட்டையின் நிறத்தால் ஆரஞ்சுப் புத்தகம் என்றே அதற்குப் பெயர். அதன்படி ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட கணினி என்றால் தணிக்கைப் பதிவு கட்டாயம். விற்கிறவர்கள் எல்லாரும் பதிவு எழுதும் வசதியைச் சேர்த்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள். ஒரு நாளில் பெட்டி பெட்டியாகக் காகிதத்தில் அச்சாகும் அந்தப் பதிவுகளைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கண்ணால் படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. படிக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். நம் ஊர் அரசு அலுவலகங்களில் நடமாட்டப் பதிவேடு என்று ஒன்று வாசலருகே கிடக்குமே, அந்த மாதிரி.

1980-லேயே ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஆலோசகர் இதைப் பற்றி ஒரு அறிக்கை எழுதியிருந்தார். பதிவுகளை மனிதர் படிப்பது நடக்காது, இயந்திரமே படித்துச் சந்தேகமானதை மட்டும் எடுத்துக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். வெளியிலிருந்து வருகிறவன், இன்னொருவர் பெயரில் உள்ளே வருகிறவன், தனக்கு இருக்கும் உரிமையையே தப்பாகப் பயன்படுத்துகிறவன் என்று அவர் ஆட்களைப் பிரித்துக் காட்டினார். காக்களூரில் அட்மின் பெயரில் வந்தவன் இரண்டாவது ரகம். 1980களின் நடுவில் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் டாரதி டென்னிங், பீட்டர் நியூமன் இருவரும் அந்த யோசனைக்குக் கணித உருவம் கொடுத்தார்கள். ஒரு ஆள் வழக்கமாக எத்தனை மணிக்கு வருவார், என்ன செய்வார் என்று கணினி ஒரு சித்திரம் வைத்துக்கொள்ளும். சித்திரத்துக்கு ஒத்துவராதது நடந்தால் மணி அடிக்கும். டென்னிங்கின் கட்டுரை 1987-ல் ஐஇஇஇ இதழில் வந்தது. இன்றைக்கு உங்கள் வங்கி, "இது நீங்கள்தானா?" என்று எஸ்எம்எஸ் அனுப்புகிறதே, அதன் பாட்டி அந்தக் கட்டுரை.

இனி பேஸ். 1955-ல் பிறந்தவர். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம், லீட்ஸ் என்கிற சின்ன ஊர். அப்பா லாரி ஓட்டுநர், பள்ளிக்கூடத்தை நம்பாமல் தானே படித்துக்கொண்டவர். அம்மா ஜப்பானியப் பெண், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கரை மணந்து வந்தவர். ஏழு குழந்தைகள். அறுபதுகளின் அலபாமாவில் பாதி ஜப்பானிய முகத்தோடு வளர்வது எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். பேருந்தில் யார் எங்கே உட்காரவேண்டும் என்பதற்காக மக்கள் அடிவாங்கிய மாநிலம் அது. வளரும் வயதில் பேஸுக்கு வலிப்பு நோய் இருப்பது தெரியவந்தது. கல்லூரியெல்லாம் எதற்கு, ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு எழுதிப்போடு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம் குடும்பங்களிலும் வலிப்பு உள்ள பெண்பிள்ளைக்குச் சொல்லப்படும் யோசனைகள் இதைவிட மேலாக இருப்பதில்லை.

பேஸ் விண்ணப்பங்கள் போட்டார், ஆனால் உதவித்தொகைக்கு அல்ல, கல்வி உதவிக்கு. கிடைத்தவற்றில் ஒன்று பெட்டி கிராக்கர் பெயரிலானது. கேக் மாவு விற்கிற பிராண்டு. நாளைய சிறந்த இல்லத்தரசியைத் தேடுகிறோம் என்று நாடு முழுக்க உயர்நிலைப்பள்ளி மாணவிகளுக்குப் போட்டி வைத்துக்கொண்டிருந்த கம்பெனி. அந்தப் பணத்தோடு 1973-ல் பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேர்ந்தார். அங்கே பொறியியலில் அவர் ஒருவர்தான் பெண்.

நான் படித்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அதனால் "ஒரே பெண்" என்பதை என்னால் படம்போட்டுப் பார்க்க முடிந்ததில்லை. மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பிடிபடுகிறது. லேப் மானுவலில் தொடங்கி டாய்லெட் வரைக்கும் எல்லாமே இன்னொருவருக்காகக் கட்டப்பட்ட இடம்.

பேஸின் பட்டப்படிப்பு நேர்க்கோட்டில் போகவில்லை. நடுவில் வேலைக்குப் போனார். ஜெராக்ஸ் கம்பெனியில் நகல் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. பெண்களையும் சிறுபான்மையினரையும் எடுக்கவேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் மேல் அரசின் அழுத்தம் இருந்த வருடங்கள் அவை. அதற்காகத்தான் எடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய் இயந்திரத்தைத் திறந்து கையைக் கறுப்பாக்கிக்கொண்டது அவர்தான். இந்த வேலையில் ஒரு பாடம் உண்டு என்று எனக்குப் படுகிறது. சர்வீஸ் இன்ஜினியர் போனவுடன் இயந்திரத்தைத் திறக்கமாட்டார். ஆபரேட்டரிடம் கேட்பார்: எப்போதிலிருந்து இந்தச் சத்தம் வருகிறது? பட்டத்தைக் கடைசியில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்திலும், முதுகலையை பால்டிமோரின் லயோலா கல்லூரியிலும் முடித்தார்.

1984-ல் தேசியப் பாதுகாப்பு முகமையில் சேர்ந்தார். என்எஸ்ஏ. உலகம் பேசுவதை ஒட்டுக்கேட்பது அதன் ஒரு வேலை, தன் நாட்டுத் தகவலைக் காப்பது இன்னொரு வேலை. அப்படி ஒரு ஏஜென்சியே கிடையாது என்பதுதான் அந்த மூன்று எழுத்துக்கு விரிவாக்கம் என்று வாஷிங்டனில் ஜோக் சொல்வார்கள். பேஸின் மகன் ஆட்டிசம் உள்ள பிள்ளை. வலிப்பு நோயுள்ள அம்மா, ஆட்டிசம் உள்ள குழந்தை, ரகசிய வேலை. 1989-ல் என்எஸ்ஏவின் கீழிருந்த தேசியக் கணினிப் பாதுகாப்பு மையத்துக்கு மாறினார். ஆரஞ்சுப் புத்தகத்தை நிர்வகித்த மையம் அதுதான்.

அவர் வந்த நேரத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய நவம்பர் 2, 1988 இரவு ஒரு புழு நிரல் இணையத்தில் பரவி, அன்று இணைப்பில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறக்குறைய 6,000-ஐ முடக்கியது என்று மதிப்பிட்டார்கள். எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். அவருடைய அப்பா ராபர்ட் மோரிஸ், அந்தக் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி! நம்மூர் சினிமாவில் வைத்தால்கூட நம்பமாட்டார்கள். அதற்கும் முன்னால், 1986-ல், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைப்பதைப் பார்த்து, விடாமல் தொடர்ந்து, மேற்கு ஜெர்மனியிலிருந்து உள்ளே நுழைந்து ராணுவத் தகவல்களைத் திருடி சோவியத் உளவுத்துறைக்கு விற்ற ஆளைப் பிடித்தார். மாதக்கணக்கில் அவர் ஒவ்வொரு அலுவலகமாகப் போன் செய்தபோது, கேட்டுக்கொண்டார்களே தவிர, இது எங்கள் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

மையத்தில் பேஸுக்குக் கிடைத்த பொறுப்பின் பெயர் நீளமானது: கணினியின் தவறான பயன்பாட்டையும் இயல்பு மீறலையும் கண்டறிதல். சிமாட் என்று சுருக்கிச் சொன்னார்கள். 1989 முதல் 1996 வரை அதை நடத்தினார். அவர் நிரல் எழுதவில்லை. கோட்பாடு எழுதவில்லை. பணம் கொடுத்தார். இப்படிச் சொன்னால் ஒரு குமாஸ்தா வேலை மாதிரி தெரியும். என் தொழிலில் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தச் சின்னக் குழுவுக்கு எப்போது எவ்வளவு கொடுத்தால் முளைக்கும் என்று தெரிந்தவர் கிடைப்பது, நல்ல புரோகிராமர் கிடைப்பதைவிட அபூர்வம்.

பணம் போன இடங்களில் பர்டியூ, டுலேன், டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. பர்டியூவில் யூஜின் ஸ்பாஃபோர்டின் ஆய்வகம் அப்போது தலையெடுத்துக்கொண்டிருந்தது. அங்கே சந்தீப் குமார் என்ற மாணவர் 1995-ல் ஊடுருவல்களை வகைப்படுத்திக் கண்டறிவது பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார், இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வேடு அது. டேவிஸில் கார்ல் லெவிட், பிஸ்வநாத் முகர்ஜி, டாட் ஹெபர்லைன். முகர்ஜி காரக்பூர் ஐஐடியில் படித்துப் போனவர். கணினிக்குள் எழுதப்படும் பதிவை விட்டுவிட்டு, கம்பியில் ஓடும் போக்குவரத்தையே பார்த்தால் என்ன என்று 1990-ல் முதலில் செய்துகாட்டியது அந்தக் குழு. உள்ளே வந்தவன் பதிவை அழிக்கலாம், ஆனால் கம்பியில் போனதை அழிக்கமுடியாது.

ஒரு விஷயம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தத் துறையின் ஆரம்ப வருடங்களில் எவ்வளவு பெண்கள்! டென்னிங்கின் வேலையை எஸ்ஆர்ஐயில் எடுத்து நடத்தியவர் டெரிசா லண்ட். லாஸ் அலமாஸ் அணு ஆய்வகத்தின் கண்டறியும் அமைப்பை உருவாக்கியவர்களில் கேத்லீன் ஜாக்சன். பணத்துக்கு பேஸ். காரணம் என்னவென்றால், என் ஊகம்தான் இது, அன்றைக்குக் கௌரவமான பாதுகாப்பு வேலை என்பது உடைக்கவே முடியாத கணினியைக் கணிதத்தால் நிரூபித்துக் கட்டுவது. லாகைப் படிப்பது கணக்குப்பிள்ளை வேலை. யாருக்கும் வேண்டாத மூலையில் இடம் இருந்தது. உடைக்க முடியாத கணினி கடைசிவரை வரவில்லை. கணக்குப்பிள்ளை வேலைதான் இன்றைக்குப் பல ஆயிரம் கோடி டாலர் தொழில்.

பேஸ் செய்த இன்னொரு காரியம், ஆட்களை ஒரே அறையில் உட்காரவைத்தது. விமானப்படைக்காரரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கம்பெனிக்காரரும் சாதாரணமாக ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். சிமாட் பட்டறைகளில் பேசினார்கள். அதில் மூன்றாவது, 1995 ஜனவரியில் கலிபோர்னியாவின் சோனோமாவில் நடந்தது. சுதோமு ஷிமோமுரா என்ற ஆய்வாளர் எழுந்து, இரண்டு வாரத்துக்கு முன் கிறிஸ்துமஸ் அன்று தன் கணினிகளுக்குள் ஒருவன் எப்படி நுழைந்தான் என்பதை பாக்கெட் பாக்கெட்டாக விளக்கினார். தகுந்த அனுமதியுள்ள இன்னொரு கணினி மாதிரி நடித்து ஏமாற்றும் முறை. பேப்பரில் எழுதியிருந்தார்களே தவிர, நிஜத்தில் யாரும் அப்படிச் செய்து பார்த்ததாக அதுவரை வெளியில் பேச்சில்லை. அடுத்த மாதம், பிப்ரவரி 15 அன்று, கெவின் மிட்னிக் ராலே நகரத்தில் கைதானார்.

அந்தத் திருட்டு எப்படி வெளியே தெரிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஷிமோமுராவின் கணினிகள் தங்கள் லாகைத் தானாகவே இன்னொரு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், இந்தமுறை வந்த லாக் முந்தையதைவிடச் சின்னதாக இருப்பதைக் கவனித்தார். லாக் வளரும், குறையாது. குறைந்தால் யாரோ கிழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த மென்பொருளும் மணி அடிக்கவில்லை. நோட்டின் பக்கம் குறைந்திருக்கிறதே என்று ஒருவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

என்எஸ்ஏ அவருக்கு 1995-ல் தலைமைப்பண்பு விருது ஒன்றைக் கொடுத்தது. 1996-ல் வெளியேறி லாஸ் அலமாஸின் கணினிப் பிரிவில் துணைப் பாதுகாப்பு அதிகாரியானார். பிறகு சொந்தமாக ஆலோசனை நிறுவனம். அதற்கு அவர் வைத்த பெயர் இன்ஃபிடெல், நம்பிக்கையற்றவர் என்று அர்த்தம். பாதுகாப்புத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. 2000-ல் ஊடுருவல் கண்டறிதல் பற்றி ஒரு புத்தகம். 2001-ல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக பீட்டர் மெல்லுடன் சேர்ந்து அதே பொருளில் ஒரு வழிகாட்டி. கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்தபோது எனக்கு அந்த வழிகாட்டியைத்தான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். எழுதியவர் பெயரை அன்று நான் பார்க்கவில்லை. முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு எந்தப் பாதுகாப்புக் கம்பெனியில் பணம் போடலாம் என்று சொல்லும் வேலையும் செய்தார். கடைசியில் அலபாமாவுக்கே திரும்பி, மொபீல் நகரில் உள்ள தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார். அந்தத் துறையில் இருக்கும் பலருக்கு, அதிலும் பெண்களுக்கு, முதல் வேலைக்கோ முதல் மேடைக்கோ பெக்கி ஒரு போன் போட்டிருப்பார். 2017 மார்ச் 14 அன்று மாரடைப்பில் இறந்தார். 61 வயது.

இதோடு நிறுத்தினால் ஒரு நல்ல அஞ்சலிக் கட்டுரையாக இருக்கும். ஆனால் அவர் வேலை பார்த்த முகமையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அவர் இறந்து ஒரு மாதம் ஆன ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள் என்எஸ்ஏவின் உடைக்கும் கருவிகளை இணையத்தில் கொட்டினார்கள். விண்டோஸில் உள்ள ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, உலகத்துக்குச் சொல்லாமல், ஆயுதமாக வைத்திருந்தது அந்த முகமை. மே 12 அன்று அந்த ஓட்டை வழியாக வான்னாக்ரை பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நின்றன. நமக்குப் பக்கத்து மாநிலமான ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. காக்களூர் ஷெட்டின் திரையில் நின்ற லெட்டரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரே கட்டிடத்தில் ஒரு மாடியில் பூட்டு செய்கிறார்கள், இன்னொரு மாடியில் கள்ளச்சாவி. பேஸ் பூட்டு மாடியில் இருந்தவர் என்று சொல்லி நாம் சமாதானம் ஆகலாம். எனக்கு முழுச் சமாதானம் ஆவதில்லை.

அவருடைய துறையிலேயே ஒரு முள் உண்டு. ஒருவர் வழக்கமாக என்ன செய்வார் என்று சித்திரம் வைத்து, மாறினால் மணி அடிப்பது திருடனைப் பிடிக்கும். தொழிலாளி பாத்ரூமில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் பிடிக்கும். நான் ஒருமுறை வேலை பார்த்த இடத்தில், ஊடுருவல் கண்டறிய என்று வாங்கிய மென்பொருளை ஹெச்ஆர் கேட்டு வாங்கி, யார் எத்தனை மணிக்கு மவுஸை அசைக்காமல் இருந்தார் என்று பட்டியல் எடுத்தார்கள். பதிவேட்டை யார் படிப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் இல்லை.

நம் பக்கத்திலும் இந்தக் கதைக்கு அத்தியாயங்கள் உண்டு. 1998 மே மாதம் பொக்ரான் சோதனை முடிந்த அடுத்த மாதமே, மில்வேர்ம் என்ற இளவட்டக் கூட்டம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் நுழைந்தது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2004 ஜனவரியில் செர்ட்-இன் என்ற அவசரகால அமைப்பு தொடங்கியது. அரசாங்கக் கணினிகளின் முதுகெலும்பான என்ஐசி 1970களிலேயே பிறந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஒரு ஏசி அறை, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் போர்டு, நிறையப் பேருக்கு என்ஐசி என்றால் அந்த ஞாபகம்தான். அதன் உச்சியில் டைரக்டர் ஜெனரலாக நீதா வர்மா என்ற பெண்மணி பல வருடம் இருந்தார். 2020-ல் ஆரோக்ய சேது வந்தது அவர் காலத்தில்தான். கோடிக்கணக்கானவர்கள் போனில் அந்த ஆப் இருந்தது, அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான சம்பவம் கூடங்குளம். 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன், அணுமின் கழகத்துக்குத் தகவல் சொன்னது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியில் கசிந்தது. 29-ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை அதெல்லாம் தவறான செய்தி என்றது. 30-ஆம் தேதி கழகம், நிர்வாக வலைப்பின்னலில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, உலையை இயக்கும் அமைப்புகளுக்கு அதனோடு தொடர்பில்லை, அவை பாதிக்கப்படவில்லை என்றது. உலைக்குள் எதுவும் போகவில்லை என்பதை நான் நம்புகிறேன், அது தனி வலைப்பின்னல். எனக்கு உறுத்துவது அந்த முதல் நாள் பதில். கண்டுபிடித்தவர்கள் கண்டுபிடித்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, அது வேலையும் செய்திருக்கிறது. அதற்குப் பிறகும் முதலில் வாயில் வருவது "டேலி பையன் வந்து பாத்திருப்பான்ம்மா".

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் ஆணை போட்டது. லாகுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும், சம்பவம் தெரிந்து 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். சிறு, குறு தொழில்களுக்கு அந்த வருடம் செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். காக்களூர் முதலாளியிடம் இதைச் சொன்னேன். "நூத்தியெண்பது நாளா? கரண்ட் பில்லே நான் அவ்ளோ நாள் வச்சிருக்கமாட்டேன் தம்பி" என்றார். கெட்டவர் இல்லை. ஆர்டர் தள்ளிப்போனால் சம்பளம் கொடுக்கக் கடன் வாங்குகிறவர். சிறு தொழில்காரரிடம் ஆரஞ்சுப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. பதிவு இருக்கும், அல்லது இருப்பதாகக் காட்டப்படும்.

வெளி இணைப்பை மூடினேன். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, லாகுகள் அங்கே போய்ச் சேருகிற மாதிரி செய்தேன். தினம் காலை எட்டு மணிக்கு ஒரு பக்கம் பிரின்ட் ஆகும்: நேற்று சாயங்காலம் ஏழு முதல் இன்று காலை ஏழு வரை யார் யார் உள்ளே வந்தார்கள், எந்த லாக் எவ்வளவு வளர்ந்தது. முதலாளி அதை மெயிலில் தனக்கு அனுப்பச் சொன்னார். அக்கா மேஜைக்கே பிரின்ட் வரட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அந்தம்மாவே பாக்கட்டும் என்றார். சம்பளம் ஏற்றினாரா என்று சித்தப்பா பையனிடம் விசாரித்தேன். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறாராம்.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. பிரின்டில் ஒரு வரியைச் சுற்றி நீல மையில் வட்டம். "தம்பி ராத்திரி 2.40க்கு சிஸ்டம்னு ஒருத்தர் வந்திருக்காரு. யாரு?" அது விண்டோஸ் தானாகவே அப்டேட் போட்டது, பயப்பட ஒன்றுமில்லை அக்கா என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ். "சரி தம்பி. ஆனா போன மாசம் இவரு செவ்வாக்கிழமைலதான வந்தாரு, இன்னிக்கு வியாழன்."

லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.